புயல் இருட்டில் தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் வண்டி

இரவு 9 மணி இருக்கும். மலைப் பக்கமிருந்து காற்று "ஹோ" என்று இறங்கியது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு மலைக்காற்று புதிதல்ல. ஆனால் அன்று அடித்த காற்று வேறு. பக்கத்து வீட்டு மாமரம் முறிந்தது. மின்சாரக் கம்பியின் மேல் விழுந்தது. "படார்" என்று ஒரு சத்தம். தெரு முழுவதும் இருட்டு!

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அன்று நான் என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

"கரண்டு எப்போ வரும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையிலும் வரவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஆனால் அதை மேலே ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே! செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

எதிர்வீட்டு இளைஞர் கெட்டிக்காரர். எங்கிருந்தோ ஒரு சின்ன ஜெனரேட்டரை வாங்கி வந்தார். ஒரு ஒயரை எடுத்தார். அதன் இரண்டு முனைகளிலும் பிளக் மாட்டினார். ஒரு முனை ஜெனரேட்டருக்கு, மறு முனை வீட்டுச் சுவரில் உள்ள பிளக்குக்கு. "இப்போ வீடு முழுக்க லைட் எரியும் பாருங்க" என்றார்.

அப்போது அந்த வழியாக ஒரு பழைய எலக்ட்ரீஷியன் வந்தார். தலை நரைத்தவர். ஒயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, அந்த ஒயரைக் கீழே போடுங்க. தெருக்கோடியில் கம்பத்து மேலே ஆள் ஏறி நிற்கிறான்!"

இளைஞர் ஒயரைக் கீழே போட்டார். ஒரு பெரிய விபரீதம் தப்பியது.

கம்பத்தில் நிற்பவர்

என்ன விபரீதம்? விவரமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வீட்டுச் சுவர் பிளக்கில் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்றினால் அது வீட்டுக்குள் மட்டும் நிற்காது. மீட்டர் வழியாக வெளியே ஓடும். தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும்.

டிரான்ஸ்பார்மர் சாதாரண நாளில் என்ன செய்கிறது? 11 ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை இறக்கி, வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழ்ப்பக்கமிருந்து மின்சாரம் வந்தால் கதை தலைகீழாகிவிடும். 230 வோல்ட் உள்ளே போய் 11 ஆயிரம் வோல்ட்டாக வெளியே வரும்! மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர், லைனில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறார். அவர் கதி என்ன?

நமக்கு விளக்கு கொடுக்க மழையில் நனைந்துகொண்டு கம்பம் ஏறியவரை நாமே கொன்றதாகும்.

ஆகவே, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்க வேண்டுமானால் நடுவில் "சேஞ்ச் ஓவர் சுவிட்ச்" வேண்டும். அந்தச் சுவிட்சு ஒன்று அரசு மின்சாரத்தோடு சேரும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரோடு சேரும். இரண்டோடும் ஒரே நேரத்தில் சேராது. அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும்.

அந்தச் சுவிட்சு இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு. ஜெனரேட்டரிலேயே பிளக் இருக்கிறது. அதில் நேராக மோட்டாரையோ விளக்கையோ சொருகிக்கொள்ளலாம். வீட்டு ஒயரிங்கைத் தொடவே வேண்டாம்.

சக்கரம் வைத்த வீடு

அமெரிக்காவில் பல குடும்பங்களிடம் "சக்கரம் வைத்த வீடு" இருக்கிறது. பார்ப்பதற்குச் சிறிய பஸ் போல இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. பாட்டரியும் ஜெனரேட்டரும் கூட உண்டு. விடுமுறைக்கு ஊர் சுற்ற வைத்திருக்கும் வண்டி அது. புயல் அடித்து மின்சாரம் போனால் சிலர் அதையே மின்நிலையமாக ஆக்கிக்கொள்கிறார்கள். வாசலில் நிற்கும் வண்டியில் சாப்பாட்டுப் பொருள்களைக் குளிர வைத்து, அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கிவிடுகிறார்கள்.

ஜப்பானில் இன்னொரு வழி. 2019-ம் ஆண்டு சிபா பகுதியைப் புயல் தாக்கியது. பல நாள் மின்சாரம் இல்லை. அங்கே மின்சாரக் கார்களை அனுப்பி, அவற்றின் பாட்டரியிலிருந்து விளக்கும் விசிறியும் ஓட வைத்தார்கள். நம் நாட்டிலும் சில மின்சாரக் கார்களில் இந்த வசதி வந்துவிட்டது. 2023-ல் வந்த புதிய டாட்டா நெக்சான் மின்சாரக் காரில் இது உண்டு.

நல்லதுதான். ஆனால் நம் தெருவில் எத்தனை வீட்டில் மின்சாரக் கார் நிற்கிறது? சக்கரம் வைத்த வீட்டை நாம் "காரவன்" என்போம். சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நமக்குத் தெரியும். பக்கத்துக் கேரளாவில் 2021-ல் சுற்றுலாவுக்காகக் காரவன் திட்டம் கொண்டு வந்தார்கள்.

அந்தக் கேரளாவிலேயே ஒரு துயரச் சம்பவமும் நடந்தது. 2024 டிசம்பர் மாதம். வடகரையில் சாலை ஓரத்தில் ஒரு காரவன் நின்றுகொண்டிருந்தது. நிறைய நேரமாகியும் வண்டி நகரவில்லை. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். அடியும் இல்லை, காயமும் இல்லை. பிறகு நிபுணர்கள் சோதித்தார்கள். வண்டியின் ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரிந்தது.

அந்தப் புகையில் உள்ள விஷத்துக்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர். அதற்கு நிறம் கிடையாது. வாடை கிடையாது. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வருவது போல இருக்கும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயல் அடித்து 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மின்சாரம் நின்றது. குளிர் தாங்காமல் சிலர் கார் கொட்டகைக்குள்ளேயே காரை ஓடவிட்டார்கள். சிலர் ஜெனரேட்டரை வீட்டை ஒட்டி வைத்தார்கள். குளிரில் சாகாதவர்கள் புகையில் செத்தார்கள்.

"எங்கள் வீட்டில் ஜன்னல் திறந்துதான் இருக்கும்" என்று சொல்லாதீர்கள். ஜன்னலுக்கு நேராக வைத்தால் திறந்த ஜன்னல் வழியாகத்தான் புகை வரும். ஜெனரேட்டர் வீட்டுக்குள் வேண்டாம். திண்ணையிலும் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழேயும் வேண்டாம். மழை படாத இடமாக, வீட்டைவிட்டுத் தள்ளி, புகைக் குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். குறைந்தது 20 அடி தூரம் வேண்டும்.

கஜா காட்டிய பாடம்

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. "கஜா" புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன! வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

அந்த நாட்களில் மக்களை முதலில் வாட்டியது இருட்டு அல்ல, தண்ணீர்ப் பஞ்சம். சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை! ஆழ்குழாய்க் கிணறு இருந்தது. மேல்நிலைத் தொட்டி இருந்தது. நடுவில் மின்சாரம்தான் இல்லை. ஆகவே ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்பினார்கள்.

அது கடற்கரைப் பக்கம், நமக்கென்ன என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் தத்தளித்தன. அது நம் பக்கத்து வீடு. அந்த மேகம் கொஞ்சம் வடமேற்கே நகர்ந்து நம் மலை மேல் கொட்டியிருந்தால்?

தேர் அன்று எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. எவ்வளவு பெரிய தேர்! பெரிய தேர் ஓடும் ஊர்களில் தேர் வரும் பாதையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். குறுக்கே உள்ள கம்பிகளைக் கழற்றி வழி விடுவார்கள். அன்று யாராவது தவிக்கிறார்களா? இல்லை. முதல் நாளே தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். மாவை ஆட்டி வைத்துக்கொள்கிறார்கள். மின்சாரம் போகும் என்று தெரியும். எப்போது போகும் என்றும் தெரியும்.

புயலும் அப்படித்தான். வானிலை நிலையம் சில நாள் முன்பாகவே சொல்லிவிடுகிறது. தேருக்குச் செய்கிற ஏற்பாட்டைப் புயலுக்கு ஏன் செய்யக் கூடாது?

தேருக்குப் பின்னால், சுவாமி புறப்பாட்டுக்குப் பின்னால் எது வருகிறது? ஜெனரேட்டர் வண்டி! டிராக்டர் இழுத்து வரும். அல்லது நாலு பேர் தள்ளி வருவார்கள். "தடதட" என்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். அதிலிருந்துதான் சீரியல் விளக்கு எரிகிறது, ஒலிபெருக்கி பாடுகிறது. ஒலி-ஒளி அமைப்பாளர், அதாவது நம் மைக்செட் கடைக்காரர், அதற்கு உரியவர். கல்யாணத்துக்கு அவர் வேண்டும். கோயில் கொடைக்கு அவர் வேண்டும். அரசியல் கூட்டத்துக்கு அவர் வேண்டும். புயலுக்கு மட்டும் அவர் நினைவு நமக்கு வருவதில்லை.

அமெரிக்கனுக்குக் காரவன் என்றால் நமக்கு மைக்செட் கடை வண்டி. இதுதான் என் கட்சி. வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் என்று ஓடாதீர்கள். தெருவுக்கு ஒரு வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அஞ்சு ரூபாய்க் கணக்கு

"செலவு ஆகாதா?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தெருவில் 100 வீடுகள். தெருத் தொட்டியின் கொள்ளளவு 10 ஆயிரம் லிட்டர். வீட்டுக்கு 100 லிட்டர் வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்றில் 5 குதிரைச் சக்தி மோட்டார். அதை ஓட்ட 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். ஏன் அவ்வளவு பெரியது என்று கேட்கலாம். மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அந்த இடத்திலேயே முக்கி நின்றுவிடும்.

தொட்டி நிரம்ப ஒன்றரை மணி நேரம் என்று வைப்போம். கிணற்றின் ஆழத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். மணிக்கு மூன்று லிட்டர் டீசல் பிடித்தால் மொத்தம் நாலரை லிட்டர். சரி, ஐந்தே இருக்கட்டும். டீசல் லிட்டர் 100 ரூபாய் என்றால் 500 ரூபாய். வீட்டுக்கு அஞ்சு ரூபாய்! ஒரு டீக்குக் கூடப் போதாது.

வாடகை தனி. அதை நகராட்சிதான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. குடிதண்ணீர் கொடுப்பது நகராட்சியின் கடமை. திருவிழா நாளில் என்ன வாடகையோ அதே வாடகையை இப்போதே எழுதி வைத்துக்கொண்டால், புயலுக்கு மறுநாள் விலை ஏறாது. மைக்செட் கடைக்காரரும் சும்மா வர வேண்டியதில்லை. புயல் வாரத்தில் அவருக்குக் கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றுபோயிருக்கும். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தொட்டி மோட்டார் அறையில் சேஞ்ச் ஓவர் சுவிட்சும், வண்டியின் கேபிளைச் சொருக ஒரு பெட்டியும் முன்கூட்டியே மாட்டியிருக்க வேண்டும். அது இருந்தால் வண்டி வந்த பத்து நிமிஷத்தில் மோட்டார் ஓடும். இல்லாவிட்டால் கொட்டுகிற மழையில் ஒயரை உரித்து முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதில்தான் ஆள் சாகிறது.

தண்ணீர் ஏறிய பிறகு வண்டி இன்னும் ஒரு மணி நேரம் நிற்கட்டும். ஒரு மேசை போடுங்கள். நாலு பிளக் பலகை வையுங்கள். தெருவில் உள்ள செல்போனெல்லாம் சார்ஜ் ஆகட்டும். ஆஸ்துமாக்காரர்கள் மருந்துப் புகை பிடிக்கும் கருவியையும் அங்கே வைத்து ஓட்டிக்கொள்ளலாம். "எங்க வீட்டு டி.வி.க்கு ஒரு லைன் குடுங்க" என்று எவராவது வருவார். கட்டாயம் வருவார். மறுத்துவிடுங்கள்!

வாசலில் நிற்கும் கார்

கார் உள்ளவர்கள் கேட்பார்கள்: எங்கள் கார் உதவாதா?

கொஞ்சம் உதவும். சாதாரணக் காரின் பாட்டரி 12 வோல்ட். அதில் செல்போன் சார்ஜ் செய்யலாம். சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டினால் எல்.இ.டி. விளக்கு எரியும், ஒரு மேசை விசிறி ஓடும். தண்ணீர் மோட்டார் ஓடாது. முயற்சி செய்யவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பாட்டரியை உறிஞ்சினால், பிறகு கார் கிளம்பாது. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வீர்கள்? எஞ்சினை ஓடவிட்டால் புகை. ஆகவே திறந்த வெளியில் மட்டும், விழித்திருக்கும்போது மட்டும்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது சில மணி நேரத்துக்குத்தான். இரண்டாம் நாள் அதைத் திரும்ப ஏற்றுவதற்கு மின்சாரம் எங்கே? மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போட்டவர்கள் பலர் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். பாட்டரி இல்லாத தகடு, தெரு மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஓடாது. கம்பத்தில் ஏறுபவரைக் காப்பாற்றத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் இதே காற்று காற்றாலைகளைச் சுற்றி நமக்கு மின்சாரம் தருகிறது. இங்கே கிளையை முறித்து மின்சாரத்தைப் பறிக்கிறது.

பெரியம்மாவின் மருந்து

பெரியம்மாவின் இன்சுலின் என்ன ஆயிற்று?

அந்த எலக்ட்ரீஷியனே வழி சொன்னார். "பிரிட்ஜைச் சும்மா சும்மா திறக்காதீங்கம்மா" என்றார். திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். பிறகு ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு சின்னச் சட்டியை மிதக்க வைத்து, மருந்தை டப்பாவில் போட்டு மூடி அதில் வைத்தோம். பானையின் மேல் ஈரத் துணி போர்த்தினோம். திறந்து உபயோகத்தில் உள்ள மருந்து, அதிக வெயில் படாமல் இருந்தால், சுமார் நாலு வாரம் வெளியில் தாங்கும் என்று டாக்டரும் பிறகு சொன்னார். திறக்காத மருந்துக்குத்தான் குளிர்ச்சி கட்டாயம். உங்கள் மருந்து எப்படி என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் மருந்து வீண்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "கரண்டு போனா எங்களுக்குக் கவலை இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சிட்டா அது கோவா!" என்றார். எல்லாவற்றையும் அப்படிக் காய்ச்சிவிட முடியுமா?

அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் பக்கத்தில் போகாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள். தமிழக மின்வாரியத்தின் "மின்னகம்" எண் 94987 94987. இரவும் பகலும் பேசலாம். அந்த எண்ணைக் காகிதத்தில் எழிதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால், போன் அணைந்ததும் எண்ணும் போய்விடும்.

போன வாரம் எங்கள் மைக்செட் கடைக்காரரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, புயல் வந்தால் தெருத் தொட்டிக்கு உங்கள் வண்டி கிடைக்குமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன் தம்பி. இதை யாருமே என்கிட்டக் கேட்டதில்லை. கேட்டா கொண்டுவர மாட்டேனா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டீசலை இப்பவே வாங்கி வச்சிருங்க. கரண்டு இல்லேன்னா பங்கிலேயும் பம்பு ஓடாது" என்றார்.